ஒரு குடை, நான்கு பேர், பதினேழு நிமிடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தப்பான விடையிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையது.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கொட்டகை இருக்கிறது. அங்கே புழுக்கத்தை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறி நின்றுபோய்விட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். விசிறியில் பெரிய கோளாறு எதுவுமில்லை. உரித்த தோலின் தூள் பேரிங்கில் போய் அடைந்திருந்தது. அதைக் கழற்றித் துடைத்து மாட்ட இரண்டு நாள் ஆனது. (ஒரு நாள் வேலைதான். இரண்டாம் நாள் ஏன் போனேன் என்பதுதான் கதை.)

நான் ஏணியில் நின்றேன். கீழே நான்கு பெண்கள் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, சிறு கத்தியால் பருப்பின் மேல்தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் புதிர் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, கை நிற்கக் கூடாது; ஆகவே தாளும் பேனாவும் கிடையாது. கணக்குப் போட வேண்டுமென்றால் தட்டில் இருக்கும் பருப்பை நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, எந்தப் புதிரானாலும் அதில் வரும் ஆட்களுக்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் பெயரைத்தான் வைக்க வேண்டும்.

இந்த இரண்டாவது சட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் தோற்கடித்தது அதுதான்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதல் தொடக்கம்: "முந்திரிக் காட்டின் மேல் காலைப் பனி மெல்லப் படர்ந்து…"

(வேண்டாம். கொட்டகைக்குள் பனி ஏது? வியர்வைதான்.)

இரண்டாம் தொடக்கம்: "சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போன உண்ணாமலை…"

(இதையும் நிறுத்துகிறேன். ஊரில் எல்லோரும் அவளை அந்தக் காலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படியே தொடங்கினால், அவள் இந்தக் கதையில் கோபப்பட்டதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.)

மூன்றாம் தொடக்கம். இதுதான் நிலைத்தது:

உண்ணாமலைக்கு நாற்பத்து நான்கு வயது. அவள் உரித்த பருப்பில் நூற்றுக்கு ஒன்றுகூட உடையாது. புதிரையும் அப்படித்தான் உரிப்பாள். அவசரப்படமாட்டாள், எங்கே கத்தி நுழையும் என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். அன்றைக்கு முதல் புதிரைப் போட்டவளும் அவள்தான்.

"எல்லாரும் பிள்ளைய வயித்துக்குள்ள வச்சுக் காப்பாத்துவாங்க. ஒருத்தி மட்டும் வெளியில தொங்க விட்டுட்டு வெயில்ல நிப்பா. அவ யாரு?"

"வனிதா" என்றாள் ரஞ்சிதா. நால்வரில் வனிதாதான் இளையவள், இருபத்து நான்கு வயது. அவளுடைய பிள்ளை பகலெல்லாம் கொட்டகை வாசலில்தான் விளையாடும்.

"ஏங்க்கா, என் பிள்ளை நெழல்லதான் நிக்குது, எட்டிப் பாருங்க."

"தட்டைப் பாருங்கடி" என்றார் சந்தனமேரி. ஐம்பதைத் தாண்டியவர். முட்டி வலிக்காரர். "முந்திரிப் பழம். கொட்டை வெளியிலதான தொங்குது? ரெண்டு மணி நேரமா அதைத்தான் உரிச்சுக்கிட்டிருக்கீங்க."

சிரித்தார்கள். கை நிற்கவில்லை.

3

இப்போது உண்ணாமலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வோம். (அவள் மனதில் ஓடியதாக நான் எழுதுவதில் பாதி, அவளே பின்னால் சொன்னது. மீதி நான் ஊகித்தது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.)

அவளுக்கு ஒரு சந்தேகம் கொஞ்ச நாளாகவே இருந்தது. மற்றவர்களுக்குச் சிக்கலான புதிர் போகிறது. தன் முறை வந்தால் மட்டும் எளியது வருகிறது. சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது ரஞ்சிதா அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடிக்கச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கை எப்போது புதிருக்குள்ளும் வந்தது என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்குச் சந்தேகம் தீர்ந்தது. புதுக்கோட்டையில் ஒரு வாசகர் வட்டம் புதிர்ப் போட்டி நடத்துகிறது. அணிக்கு மூன்று பேர். வனிதா விண்ணப்பத் தாளை வாங்கி வந்து, பென்சிலால் பெயர்களையும் எழுதிவிட்டாள். தாள் தட்டுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. வனிதா, ரஞ்சிதா, சந்தனமேரி. கீழே, 'மாற்று ஆள்' என்ற இடத்தில், உண்ணாமலை.

"மாத்து ஆளுன்னா என்னடி?"

வனிதா தட்டைப் பார்த்தாள். "யாருக்காவது ஒடம்பு சரியில்லன்னா நீங்கக்கா…"

"போட்டி மாடியில உண்ணாமல" என்றார் சந்தனமேரி. "ரெண்டாவது மாடி. படி செங்குத்தா இருக்குமாம். நீ எதுக்குச் செரமப்படணும்னு…"

"ஒங்க முட்டிக்குச் செரமமில்லையா?"

"நான் மெதுவா ஏறிருவேன்."

"நானும் மெதுவாத்தான் ஏறுவேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மூவரும் அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார்கள். அதனால்தான் அவளால் சண்டை போடவும் முடியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, நாலு பேர் கேட்க விடை சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

4

தாளின் பின்பக்கத்தில் ஒரு மாதிரிக் கேள்வி இருந்தது. பேச்சை மாற்ற வனிதா அதை உரக்கப் படித்தாள். நான் அதைக் கொட்டகையின் பாஷையில் தருகிறேன், அவர்கள் அப்படித்தான் மாற்றிக்கொண்டார்கள்.

விடாத மழை. கொட்டகையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நான்கு பேர் போக வேண்டும். இருப்பது ஒரே குடை. ஒரு குடையின் கீழ் இரண்டு பேர்தான் போகலாம். குடையில்லாமல் யாரும் நடக்கக் கூடாது; ஆகவே போனவர்களில் ஒருவர் குடையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நால்வரும் நால்வகை நடை: ஒருவருக்கு ஒரு நிமிடம், ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்குப் பத்து. இரண்டு பேர் சேர்ந்து போனால் மெதுவான ஆளின் வேகம்தான். பதினேழாவது நிமிடத்தில் பஸ். நால்வரும் ஏற வேண்டும்.

பெயர் வைக்கும் நேரம் வந்தது. ஒன்று வனிதாவுக்கு. இரண்டு ரஞ்சிதாவுக்கு. ஐந்து சந்தனமேரிக்கு. பத்து…

வனிதா நிறுத்தினாள்.

"எனக்குத்தான் வையி" என்றாள் உண்ணாமலை. "இதுல என்ன யோசனை? பத்து நிமிசம். என் காலு எனக்குத் தெரியாதா?"

நான்கு பருப்பை எடுத்துத் தட்டின் இந்தப் பக்கம் வைத்தார்கள். குடைக்கு ஒரு தோல். ரஞ்சிதா நகர்த்தினாள். "வனிதாதான் வேகம். அவ ஒவ்வொருத்தரையா கூட்டிக்கிட்டுப் போயி விட்டுட்டு வரட்டும். உண்ணாமலக்காவக் கொண்டு போயி விட பத்து. திரும்பி வர ஒண்ணு. மேரியக்காவுக்கு அஞ்சு. திரும்ப ஒண்ணு. எனக்கு ரெண்டு."

பத்தொன்பது.

வரிசையை மாற்றினாள். பத்தொன்பது. சந்தனமேரி நகர்த்தினார். பத்தொன்பது.

"அண்ணே, நீங்க பாருங்க" என்று ஏணியை நோக்கிக் கூப்பிட்டாள் வனிதா.

நான் பார்த்தேன். பத்தொன்பதுக்குக் கீழே போக முடியாது என்று மனக்கணக்கில் நிரூபித்தேன்.* கையில் திருப்புளியோடு ஏணிமேல் நிற்பவன் சொன்னால் யாரும் நம்புவார்கள். "கேள்வியே தப்பு. அச்சுப் பிழை. பத்தொன்பதுன்னு இருந்திருக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

(* அந்த நிரூபணத்தை இங்கே எழுதப் போவதில்லை. தப்பான நிரூபணத்தை அழகாக எழுதினால் யாராவது நம்பிவிடுவார்கள். நானே நம்பினேன்.)

அன்று வீட்டுக்குப் போய்க் கதை எழுத உட்கார்ந்தேன். தலைப்பு 'அச்சுப் பிழை'. எளிய பெண்கள் ஒரு அச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் கதை. கடைசி வாக்கியம்: "அச்சில் வந்ததெல்லாம் உண்மையல்ல என்று அந்த நான்கு பெண்களும்…"

(இதைக் கிழித்துவிட்டேன். ஏன் என்பது அடுத்த பகுதியில்.)

5

மறுநாள் திருப்புளியை மறந்துவிட்டேன் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில், என் கதையை அவர்களுக்குச் சொல்லிக்காட்டிப் பெயர் வாங்கும் ஆசை. நான் வாயைத் திறக்கும் முன்பே உண்ணாமலை தட்டில் நான்கு பருப்பை எடுத்து வைத்துவிட்டாள்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. கேள்வி சரியாத்தான் இருக்கு."

"எப்படி?"

"நேத்து பஸ்ஸுக்குப் போறப்ப ரஞ்சிதா என் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தா. மேரியக்கா பின்னால வந்தாங்க, வனிதா அவங்க பையத் தூக்கிக்கிட்டா. அப்பத்தான் பார்த்தேன். நானும் மேரியக்காவும் சேந்து நடந்ததே இல்ல." அவள் ரஞ்சிதாவைப் பார்த்தாள். "மொதல்ல நீயும் வனிதாவும் போங்க. ரெண்டு நிமிசம். நீ அங்கயே நில்லு. வனிதா குடையோட வரட்டும். மூணு ஆச்சு."

"நான் அங்க நின்னா ஒங்கள யாரு கூட்டிட்டு வாரது?"

"மேரியக்கா."

"அவங்களுக்கே முட்டி வலி. ரெண்டு பேரும் வழியில விழுந்தா?"

"பருப்புடி அது. விழாது."

சந்தனமேரி சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. உண்ணாமலை தோலைத் தூக்கி இரண்டு பருப்பின் மேல் வைத்து நகர்த்தினாள், தன் வேகத்திலேயே, அவசரமில்லாமல்.

"நானும் மேரியக்காவும். பத்து. மொத்தம் பதிமூணு. இப்பக் குடையத் திருப்பிக் கொண்டுபோக அங்க ஒரு வேகமான ஆளு வேணும்ல? அதுக்குத்தான் ஒன்னைய அங்க நிறுத்துனது. நீ போ. பதினஞ்சு. நீயும் வனிதாவும் ஒண்ணா வாங்க. பதினேழு."

எண்ணிப் பார்த்தோம். பதினேழுதான்.

இங்கே ஒரு நிமிடம் கதையை நிறுத்திவைத்து, இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். பேரிங்கைத் திறந்து காட்டுவதுபோல எனக்கு இதில் ஒரு சந்தோஷம். நாங்கள் எல்லோரும் வேகமானவளை எல்லோருக்கும் துணையாக அனுப்பினோம். அப்போது ஐந்தும் தனியாகச் செலவாகிறது, பத்தும் தனியாகச் செலவாகிறது. மெதுவான இருவரையும் சேர்த்து அனுப்பினால் ஐந்து பத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அவ்வளவுதான் ரகசியம். புதிரில் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் நாங்களும் கண்டுபிடித்திருப்போமோ என்னவோ. ஆனால் பெயர் வைத்துவிட்டோம். உண்ணாமலையையும் சந்தனமேரியையும் ஒரு குடையில் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. பருப்பாக இருந்தபோதும் வரவில்லை. இப்படி ஒரு தப்பைச் செய்ய அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களால்தான் முடியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

உண்ணாமலை கத்தியைக் கீழே வைத்தாள். சட்டப்படி கை நிற்கக் கூடாது. நிறுத்தினாள்.

"நீங்க மூணு பேரும் என் மேல உசுரா இருக்கீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க என்னையப் பத்திரமாக் கொண்டுபோயிச் சேக்குறதுக்குள்ள பஸ்ஸு போயிருது. அதையும் பாருங்க."

ரஞ்சிதா கண்ணைத் துடைத்தாள். "தோல் தூசி" என்றாள்.

"ஆமா, தூசிதான்" என்றார் சந்தனமேரி. "வனிதா, அந்தத் தாளை எடு. அழிரப்பர் இருக்கா? அண்ணே, ஒங்ககிட்டப் பேனா இருக்கா?"

6

முடிவுகள்.

முதல் முடிவு: போட்டியில் நால்வரும்… இல்லை, மூவரும்… கைத்தட்டலுக்கு நடுவே கோப்பையை…

(முடியாது. போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமைதான். நடக்காததை நடந்ததாக எழுத எனக்கு உரிமை உண்டு. ஆனால் அவர்கள் படிப்பார்கள்.)

இரண்டாம் முடிவு: அன்றைக்கே மழை வருகிறது, கொட்டகையில் ஒரே குடை இருக்கிறது.

(வரவில்லை. வெயில். சாயங்காலம் அவர்கள் பஸ்ஸுக்கு நடந்ததை மட்டும் பார்த்தேன். இளையவர்கள் இருவரும் முன்னால் போய் நின்றுகொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் சந்தனமேரியும் உண்ணாமலையும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக. பஸ் காத்திருந்தது.)

மூன்றாவது முடிவு என் மேசைமேல் இருக்கிறது. அந்த விண்ணப்பத் தாள்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடமே கொடுத்துவிட்டார்கள். சந்தனமேரி சொன்னபடி முதல் இரண்டு வரியைப் பேனாவால் எழுதிவிட்டேன். அவர் சொன்னது: "நானும் இவளும் படி ஏறுறோம். ஒருத்திக்கு ஒருத்தி துணை. மூணாவது ஆளு யாருன்னு இந்த வேகக்காரிங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்."

அவர்கள் பேசினார்கள். "ரஞ்சிதாக்கா போகட்டும், அவங்கதான் மொதல்ல நகர்த்துனவங்க" என்றாள் வனிதா. "தாள் வாங்கிட்டு வந்தவ அவ, அவளே போகட்டும்" என்றாள் ரஞ்சிதா. நேற்றுவரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஒருத்தியை மாற்று ஆளாக்கியவர்கள், இன்றைக்குத் தாங்களே மாற்று ஆளாகப் போட்டி போட்டார்கள். கடைசியில், "நீங்களே எழுதிக்குங்கண்ணே" என்று இருவரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

எனக்குத் துணிவில்லை. பத்தொன்பது என்று சொன்னவன் நான். ஆகவே தாளை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.

1. உண்ணாமலை
2. சந்தனமேரி
3. ____________

மாற்று ஆள்: ____________

வனிதாவா ரஞ்சிதாவா என்று நீங்களே எழுதிவிடுங்கள். ஒன்று மட்டும்: முதல் இரண்டு வரிகளில் கை வைக்காதீர்கள். மை காய்ந்துவிட்டது.