மேலே ஊமை, கீழே பட நடிகர்

எழுத்து பெரிதாக இருந்தால் கல்லும் பெரிதாகத் தெரியும் என்பது, பதுளை பஜாரில் கல்லறைக் கல் விற்ற என் வாப்பாவின் கொள்கை. அதுதான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் என் முன்பல்லைக் கொண்டுபோனது.

கல் கேட்டவர் நேசராணியக்கா. அவருடைய அப்பா மரியசூசை அந்தக் காலத்தில் மதராசுக்குப் போய் ஊமைப்படங்களில் அடி வாங்கியவர். கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுவார், குதிரையிலிருந்து விழுவார். பெயர் மட்டும் திரையில் விழுந்ததில்லை. தோட்டத்துக்குத் திரும்பிச் செத்தபோது யாரும் ஒரு சிலுவைகூட நடவில்லை. எந்தப் புதைமேடு அவருடையது என்று தெரிந்த கடைசி ஆள் எழுபத்திரண்டு வயது அக்காதான்.

"நான் கண்ண மூடிட்டா எங்கப்பா வெறும் மண்ணு, தம்பி."

'ஊமைப்பட நடிகர்' ஒரு வரியில் அடங்கவில்லை. மேலே 'ஊமை' என்று ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, கீழே 'பட நடிகர் மரியசூசை' என்று பொடியாக வெட்டினேன்.

தோட்டத்துப் புதைகாட்டில் நானும் அக்காவும் கல்லை நிறுத்திச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தோம். மேல் மலையில் தேயிலை கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த வீரசிங்கம் கத்தியை வீசிவிட்டு ஓடி வந்தான். அங்கிருந்து வாசிக்க முடிந்தது ஒரே சொல்தான்.

"எவண்டா எங்கப்பனுக்கு ஊமைன்னு கல்லு வச்சவன்?"

அவன் அப்பா வாய் பேசாதவர் என்றோ, பக்கத்து மேட்டில் கிடக்கிறார் என்றோ எனக்கு எப்படித் தெரியும்? "முழுசா வாசிங்க" என்று வியாபாரச் சிரிப்புக் காட்டினேன். அந்தச் சிரிப்பிலேயே குத்தினான். பல்லைத் துப்பி நிமிர்வதற்குள் கல் நெம்பும் என் இரும்பு அலவாங்கு அவன் கையில்.

"உசுரோட இருந்தப்ப வாயில சாணிய அடச்சிச் சிரிச்சீங்க. செத்தும் விட மாட்டீங்களாடா?"

இரண்டே அடி. கல் பிளந்தது. அக்கா சாந்துக் கரண்டியால் அவன் காதில் வெட்டினார். ரத்தம் தோளில் வழிய, அவரைச் சேற்றுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளி அலவாங்கை ஓங்கினான்.

"அடிடா! அது ஒங்கப்பன் இல்ல, எங்கப்பன்! பேசாத படத்துல நடிச்சவரு!"

"படம் எப்புடி பேசாம இருக்கும்?"

"ஒங்கப்பா பேசாம இருக்கலியா?"

அலவாங்கு நழுவி என் கால் பெருவிரலில் விழுந்தது.

கல் 'ஊமை'க்குக் கீழே இரண்டாகியிருந்தது. வேறு கல் தருகிறேன் என்றேன். கானிலிருந்து ஏறிய அக்கா, சேலையில் சேற்றோடு கீழ்ப்பாதியைத் தடவிப் பார்த்தார்.

"இதயே நடுங்க. எங்கப்பா ஒரு தடவயாச்சும் ஒடயாம விழுந்ததில்ல."

நட்டோம். 'ஊமை' இருந்த மிச்சத் துண்டைப் பார்த்தபடியே வீரசிங்கம் நின்றான்.

"ஒங்கப்பா பேரச் சொல்லுங்க, பின்பக்கத்துல வெட்டித் தாறேன்" என்றேன்.

காதைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் யோசித்தான்.

"காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுலயும் ஊமைன்னுதான் கூப்பிட்டாங்க, கல்லுக்கட நானா. சம்பளம் எழுதுற செக்ரோல்லயும் அதான்."

துண்டைத் தூக்கிப்போய்ப் பக்கத்து மேட்டில், எழுத்து மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தான். மேலே வெறும் கல்.

"பேரு ஞாபகம் வந்தா கடைக்கு வாங்க" என்றேன், பல் போன ஓட்டையில் காற்றுப் போக.