இலுப்பையில் கால் படாமல்

...இல்லை, சின்னதுதான் சரி, மரியதாஸ் ஆயிரம் சொல்லட்டும், கடலூர் முதுநகர்க் கிடங்கில் ஆளை மேலே தூக்குகிற வண்டி பெரியதும் சின்னதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதே சவரிராயனுக்குத் தெரிந்துவிட்டது, லாரி மேல் ஏறி உட்கார்ந்திருந்த அந்தப் பெரியது அறுபது அடி போகுமாம், போகட்டுமே, அறுபது அடியில் யாருக்கு என்ன வேலை, வானத்துக்கு வெள்ளையடிக்கவா போகிறோம்? மரம் வெட்டுகிறவனுக்கு முப்பது, மிஞ்சினால் முப்பத்தைந்து, அதற்கு மேல் காக்காய்தான் கூடு கட்டும்... சின்னது இரண்டே சக்கரத்தில் முழங்கை மடக்கின மாதிரி இரும்புக் கையை மடித்துக்கொண்டு, ஓர் ஆள் நிற்கிற இரும்புக் கூடையை முதுகில் சாய்த்துக்கொண்டு, சாதுவாக நின்றிருந்தது. இப்போது அது டிராக்டருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வருகிறது, சவரிராயன் மட்கார்டு மேல் உட்கார்ந்து பின்பக்கமே பார்த்துக்கொண்டு வருகிறான், கண்ணை எடுத்தால் கழன்று போய்விடுமோ என்று. மரியதாஸ் அவன் பெண்டாட்டியின் தம்பி, டிராக்டர் அவனுடையது, வண்டியில் பாதி பங்கும் அவனுடையது, அதனால் வாயும் கொஞ்சம் கூடத்தான். "முன்னால பாத்து குந்து மாமா, பின்னாலயே பாத்துனு வந்தா கழுத்து புடிச்சிக்கும்" என்கிறான். பிடிக்கட்டும், இரண்டு வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்த கழுத்துதானே, கொஞ்சம் திரும்பட்டும்.

கிடங்குக்காரன் எப்படிச் சிரித்தான்! சவரிராயன் ஊரிலிருந்து ஒரு மூங்கில் கழி கொண்டுபோயிருந்தான், குருவிநத்தம் வாய்க்கால் பாலத்தில் இரண்டு பக்கமும் நிற்கிற கல்தூணுக்கு நடுவில் வைத்துப் பார்த்து வெட்டின கழி, அதை வண்டிக்குக் குறுக்கே பிடித்தான், இரண்டு பக்கமும் நாலு விரல் மிச்சம் இருந்தது, பெரியதற்குப் பிடித்தபோது கழி பாதியிலேயே நின்றுவிட்டது. பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்டி அளந்து பாக்க மாட்டாம்பா என்றான் கிடங்குக்காரன். பிறகு சவரிராயன் எண்ணெய்க் குழாய் எங்காவது கசிகிறதா என்று ஒவ்வொரு மூட்டாய்த் துணியால் துடைத்துப் பார்த்தான், இஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டான், இரண்டு மணல் மூட்டையைக் கூடையில் வைத்து மேலே தூக்கச் சொல்லிக் கால் மணி நேரம் அப்படியே நிறுத்தச் சொன்னான், ஓர் அங்குலமாவது தானாக இறங்குகிறதா என்று. இறங்கவில்லை. எல்லாம் சரிதான்... ஆனால் நீயே ஏறிப் பாரேன் என்று கிடங்குக்காரன் கூடைக் கதவைத் திறந்துவிட்டபோது, முட்டி சரியில்ல, ஊர்ல போய்ப் பாத்துக்கறேன் என்று சொல்லி நகர்ந்துவிட்டானே, அது என்ன? ஏறிப் பார்க்காமல் ஒருவன் இதை வாங்குவானா? மாட்டுக்குப் பல் பார்க்காமல் வாங்குகிறவன் உண்டா? மரியதாஸுக்குச் சந்தேகம் வந்திருக்குமோ... வந்திருக்காது, முட்டி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முட்டி இல்லை, கை. மரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து ஏணியில் மூன்றாம் படி ஏறினால் விரல் பத்தும் தானாக ஆடுகிறது, கெட்டியாகப் பிடித்தால் இன்னும் ஆடுகிறது. போன ஐப்பசியில் வூட்டில் ஓடு உடைந்து ஒழுகினபோது பெண்டாட்டி மதலேனாள்தான் சேலையைச் சொருகிக்கொண்டு ஏறி மாற்றினாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, புண்ணியவதி. வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் மரம் என்றால் சவரி என்று இருந்தவன், மின்சாரக் கம்பிக்கு மேல் சாய்ந்த புளியமரத்தைக் கம்பியில் ஓர் இலை படாமல் இறக்கினவன், கீழே நின்று விறகு பிளக்கிறான். எல்லாம் அந்த இலுப்பை மரத்தால்... மரத்தால் என்று சொல்லலாமா? குருவிநத்தம் முனீஸ்வரன் இலுப்பை. அதில் ஒருவனும் கால் வைக்கக் கூடாது, கால் பட்டால் குற்றம், பழம் பொறுக்குகிற பிள்ளைகள்கூட வேரைத் தாண்டித்தான் போகும். அதன் தெற்குக் கிளை விரிசல் விட்டு, பக்கத்தில் இருந்த பால்வாடிக் கூரைக்கு மேலே தொங்கியது. கிளையை எடுக்க வேண்டும், காலும் படக் கூடாது, என்ன செய்வது? பூசாரி சாமிக்கண்ணுவும் அவனும் சேர்ந்துதான் யோசித்தார்கள், புதுத் துணியை மஞ்சளில் நனைத்துக் காலில் சுற்றிக்கொண்டு ஏறினால் துணிதானே படும், கால் படாதே என்று... யார் முதலில் சொன்னது? அவரா, இவனா? ஞாபகமில்லை. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரனாக இருந்தும் ஊர் மனசு நோகக் கூடாது என்று சுற்றிக்கொண்டான், பதினெட்டு வருஷமாக வெறுங்காலின் விரலால் மரத்தைக் கவ்வி ஏறினவனுக்கு, விரலைக் கட்டிப் போட்டுவிட்டால் என்ன மிச்சம்? இருபதடியில் துணி வழுக்கியது, அவ்வளவுதான், கிளை இன்னும் அப்படியே தொங்குகிறது. ஆனால் ஊர் என்ன சொன்னது, முனீஸ்வரன் தள்ளிவிட்டார் என்றது. அதைச் சொன்னதும் அதே சாமிக்கண்ணு! இரண்டு வருஷமாக அந்த ஆளோடு பேச்சில்லை. சாமி தள்ளினவனை எவன் கூப்பிடுவான், மரம் ஏறச் சொல்லி?

முள்ளோடைச் சாவடியில் போலீஸ்காரன் குறுக்கே கை காட்டினான். இன்னாபா இது, பீரங்கியா? மரம் வெட்ற மிஷினு சார், என்று சவரிராயன் மட்கார்டிலிருந்து எழுந்து நின்று சொன்னான், எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் நின்றான். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான் அவன், சாராயம் புதுச்சேரியிலிருந்து வெளியே போகும், வெளியிலிருந்து உள்ளே எவன் கொண்டுவருவான், இதுகூடத் தெரியாமல் ஒரு போலீஸா... கன்னியக்கோயிலில் திரும்பி, பாகூர் ஏரிக்கரை வந்ததும் நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலில் தலையை நீட்டினார்கள், டீக்கடையில் ஒருத்தன் கேட்டான், எவ்ளோ உயரம்பா போவும்? உன் வூட்டுப் பரண்ல இருக்கற பானைக்குள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கற அளவுக்குப் போவும் என்றான் மரியதாஸ். சவரிராயனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!

வாய்க்கால் பாலம் வந்தது. மரியதாஸ் டிராக்டரை நிறுத்தி இறங்கிப் பார்த்தான், போவாது மாமா என்றான். போகும் என்றான் இவன். சக்கரத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து, வா, வா, இடது, ஒரு நூல் இடது, வா... கல்தூணுக்கும் டயருக்கும் நடுவில் இவனுடைய நாலு விரல் போயிற்று, இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல், பிரெஞ்சுக்காரன் காலத்துத் தூண் சும்மா பார்த்துக்கொண்டு நின்றது, வண்டி அந்தப் பக்கம் போய்விட்டது! பெரியதை வாங்கியிருந்தால் இப்போது கடலூருக்குத் திரும்பப் போய்க்கொண்டிருப்போம் இல்லையா, சொல்லு, சொல்லேன்டா மச்சான்? மரியதாஸ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இவன் தோளில் போட்டான், அது போதும்.

இலுப்பைக்குக் கீழே ஊரே நின்றது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்காரர் கிளையை வெட்டுகிற உத்தரவைக் கொடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டார், பால்வாடிப் பிள்ளைகளை ரேஷன் கடை வாசலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தார்கள். சவரிராயன் கடப்பாரையால் குத்திப் பார்த்து, இறுகின மண்ணாகப் பார்த்து, வண்டியிலிருந்து வெளியே நீட்டின நாலு தாங்குகால்களுக்கும் அடியில் பனம் பலகை போட்டு ஜாக்கியை இறுக்கினான். சாமிக்கண்ணு சற்றுத் தள்ளி நின்றார், மெலிந்துபோயிருந்தார். மரியதாஸ்தான் கேட்டான், இன்னா பூசாரி, கூடைல நின்னு வெட்னா குத்தம் உண்டா? அவர் மரத்தையும் கூடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கால் கூடைல தானே இருக்குது... மரத்துல இல்லியே" என்றார். அப்புறம் எல்லோரும் சவரிராயனைப் பார்த்தார்கள். கூடைக் கதவு திறந்திருக்கிறது. முட்டி என்று சொல்லலாம், மரியதாஸை ஏறச் சொல்லலாம்... இப்போது திரும்பினால் இனி எப்போதும் விறகுதான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறிக் கதவைச் சாத்தி லிவரைத் தள்ளினான். இஞ்சின் ஒரு முக்கு முக்கியது, இரும்புக் கை விரிந்தது, தரை இறங்கியது, பத்தடி, விரல்களைப் பார்த்தான், பதினைந்து, பார்த்துக்கொண்டே இருந்தான், இருபது, இங்கேதான், இந்த உயரத்தில்தான்... விரல் ஆடவில்லை. ஆடவே இல்லை! அம்மாடி, மாதாவே, ஆடவில்லை!

அதற்கப்புறம் யாரைக் கேட்க வேண்டும்? மேல் கவட்டையில் கயிறு போட்டு, ஒரு நுனியைக் கிளையில் கட்டி, மறு நுனியை டிராக்டர் கொக்கியில் சுற்றி மரியதாஸைப் பிடிக்கச் சொல்லி, முதலில் கிளைக்கு அடியில் ஓர் அறுப்பு, பட்டை கிழிந்து தாய்மரத்தில் காயம் ஓடக் கூடாது, பிறகு மேலே, ரம்பம் பாடியது, தூள் மூக்கில் ஏறியது, விரிசல் கிளை முனகிக்கொண்டு ஒடிந்து கயிற்றில் தொங்கி, விட்றா, கொஞ்சம் கொஞ்சமா விடு, பால்வாடிக் கூரையில் ஓர் ஓடு அசையாமல் தரையில் போய்ப் படுத்தது. கீழே விசில், கைதட்டல், பிள்ளைகள் கூச்சல், ஒரு கிழவி குலவைகூடப் போட்டாள். சவரி! சவரி! முப்பதடியில் நின்றுகொண்டு தென்பெண்ணை மணலைப் பார்த்தான், கரும்பைப் பார்த்தான், எல்லாம் தன்னுடையது போல இருந்தது. மரத்தின் மேல் இவன் கால் தூசி ஒரு பொட்டுகூட விழவில்லை. இப்போது சொல்லட்டும், சாமி தள்ளிவிட்டார் என்று!

இறங்கினதும் தோளில் தூக்க வந்தார்கள், முட்டி முட்டி என்று தப்பித்தான், பழக்க தோஷம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாமிக்கண்ணு வந்தார். ஏதாவது சொல்வார், நாமும் நறுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தானே, நாக்கு நுனியில் வந்துவிட்டது... அவர் கேட்டார், "சவரி, என்னையும் ஒரு தபா ஏத்திக் காட்டுவியாபா? அறுவது வருசமா இதுக்கு வெளக்கு வெக்கறேன், மேல எப்டி இருக்குதுன்னு பாத்ததே இல்ல." சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்று? கூடையில் ஓர் ஆளுக்குத்தான் இடம். வண்டியின் அடியிலும் ஒரு லிவர் உண்டு, ஓட்டத் தெரியாதவர் ஏறினால் கீழே நிற்கிறவன்தான் அதைத் தள்ளி மேலே அனுப்ப வேண்டும். அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, கம்பிய நல்லா புடிச்சிக்குங்க அய்யா, கீழ பாக்காதீங்க என்று சொல்லிவிட்டு வந்து லிவரில் கை வைத்தான்... விரல் பத்தும் ஆடின. இதென்ன? தரையில்தானே நிற்கிறேன்? மேலே ஆடாத கை கீழே நின்று ஏன் ஆடுகிறது, தான் விழுந்த அன்றைக்கு இதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது யார், இவர்தானே... அவர் கூடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, சவரிராயன் மெதுவாக, ரொம்ப மெதுவாக லிவரைத் தள்ளினான்.