மெயின்ல கைய வைக்காதீக, அண்ணாச்சி

பட்டாசுக் கம்பெனிக்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வானம் லேசா உறுமுனாப் போதும், என்ன ஏதுன்னு கேக்காம ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிருவாங்க. நல்ல பழக்கம்தான், உசிரைக் காப்பாத்துற பழக்கம். ஆனா மேனேஜர் கோட்டைச்சாமி அண்ணாச்சிக்கு அது ரத்தத்துல ஊறிப்போச்சு. ஃபேன் கிறீச்சுன்னாலும் மெயின், கம்ப்யூட்டர் நின்னாலும் மெயின்.

அன்னைக்கு நின்னது சர்வர். விருதுநகர் ஆபீஸ், தீவாளி சீசன். வாசல்ல லாரி லோடு ஏத்தி நிக்குது, பில்லு அடிக்க முடியல.

"ஏத்தா எழில், ஆஃப் பண்ணி ஆன் பண்ணு தாயி. இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா?" அண்ணாச்சி குதியா குதிச்சார்.

எழில்தான் அந்த சர்வருக்குப் பொறுப்பு. பெட்டி ஒண்ணுதான். ஆனா அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச வீடு மாதிரி உள்ளுக்குள்ள மூணு பார்ட்டிஷன். ஒண்ணுல பில்லு, ஒண்ணுல சரக்கு, இன்னொண்ணுல ஏழாயிரம்பண்ணை பேக்டரி கேட். உள்ள யார் போனா, யார் வெளிய வந்தானு அந்த மூணாவதுதான் சொல்லும். மாட்டிக்கிட்டது பில்லு மட்டும். அதை மட்டும் மூடித் திறந்தாப் போதும், மத்த ரெண்டும் பாட்டுக்கு ஓடும்.

ஜன்னல் வழியாப் பாத்தா, தெக்க, பேக்டரி இருக்குற பக்கம், வானம் கருகருன்னு கிடந்துச்சு. அவ அம்மா சோலையம்மாள் அந்தப் பேக்டரியிலதான் இந்நேரம் வெடிக்குத் திரி செருகிட்டு இருப்பா. இடி வருதுன்னா மணியடிச்சு எல்லாரையும் வெளிய அனுப்பணும். உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. யாரும் மிச்சம் இருக்காகளான்னு கேட்டுல இருக்குற ஸ்கிரீனைப் பாத்துத்தான் போர்மேன் செல்வக்குமார் தெரிஞ்சுக்கணும்.

எழில் பில்லு அடிக்கிறவங்களை வெளியேறச் சொன்னா. டேட்டாபேஸை மூடச் சொல்லிக் கட்டளை கொடுத்தா. அது ஆடி அசைஞ்சு எழுதிக்கிட்டே இருந்துச்சு. பாதியில அறுத்தா சீசன் ஆர்டர் அம்புட்டும் குப்பை. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தா.

தூரத்துல ஒரு உறுமல். திரும்பிப் பாத்தா, அண்ணாச்சி கை மெயின் கைப்பிடியில! பேட்டரி கரண்டும் அது வழியாத்தான் வருது. இறக்கினா மூணும் போச்சு.

"கைய எடுங்க! கேட்டும் இதுலதான் ஓடுது!"

அந்த ஆபீஸ்ல அவ குரல் உசந்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி வெலவெலத்துப்போய்க் கைய எடுத்துட்டார்.

அதே நேரம் போன். செல்வக்குமார்தான். "எழிலு, எல்லாரும் வெளிய வந்தாச்சு. ஸ்கிரீன் மட்டும் இன்னும் ஒரு ஆள் உள்ள இருக்குங்குது. சர்வர் கோளாறுன்னாங்களே, அதானா?"

எழில் கேட் பார்ட்டிஷனைப் பாத்தா. அது கல்லுமாதிரி ஓடிக்கிட்டு இருந்துச்சு. "கோளாறு பில்லுலதான் அண்ணே. இது சரியாத்தான் சொல்லுது. யாரோ உள்ள இருக்காக." போனைக் காதோட அழுத்திக்கிட்டா. "பேரு என்ன போட்டிருக்கு?"

"சின்னத்தாய்."

அம்மா இல்ல. அவளுக்கு மூச்சு வந்துச்சு. அப்படி மூச்சு வந்ததுக்கே வெக்கமாவும் இருந்துச்சு. "ஓடிப்போய்த் தேடுங்கண்ணே!"

டேட்டாபேஸ் ஒரு வழியா மூடிச்சு. பார்ட்டிஷன் பட்டியல்ல தொட்டது பில்லைத்தானான்னு திரும்ப ஒருக்கா வாசிச்சுப் பாத்துட்டு, அதை மட்டும் நிறுத்திக் கிளப்பினா. வரிவரியா எழும்பி வந்துச்சு பில்லு. பக்கத்து ஸ்கிரீன்ல கேட் கணக்கு சைபர் ஆச்சு. அப்புறம்தான் ஜன்னல் அதிர இடிச்சுச்சு.

கொஞ்ச நேரத்துல செல்வக்குமார் நம்பர்ல இருந்து அம்மா கூப்பிட்டா. எழில் போனை மேசையில வச்சு ஸ்பீக்கர்ல போட்டா.

"ஏட்டி, வெடிமருந்து ரூம்ல இடி விழுந்து தரைமட்டம்டி! அதுக்குப் பின்னால கக்கூஸ்ல இருந்திருக்கா சின்னத்தாய், மணிச் சத்தம் கேக்கலையாம். அந்த மெசினு மட்டும் காட்டிக்குடுக்கலன்னா... மகராசியா இருக்கட்டும் அந்த மெசினு!"

அண்ணாச்சி போன்கிட்ட குனிஞ்சார். "மெசினு இல்ல சோலையம்மா, உம் மக. நான் அதை அணைக்கப் போனேன். கத்தி நிறுத்திட்டா."

அந்தப் பக்கம் இருந்து பதறிக்கிட்டு வந்துச்சு குரல். "அய்யய்யோ! அண்ணாச்சியவா கத்துனா? சின்னப்புள்ள, தெரியாமப் பண்ணிட்டா. மனசுல வச்சுக்காதீக!"

அண்ணாச்சி சிரிக்கப் பாத்தார், முடியல. கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "மனசுலதான் வச்சுக்கிடுவேன், சோலையம்மா"ன்னார்.