நீலம் மாறவில்லை

பகலில் என்னை யாரும் எழுப்பக்கூடாது. இரவு வேலைக்குப் போகிறவன் இருக்கும் வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அக்காவின் கணவருக்கும் தெரியும். ஆனாலும் தட்டினார்.

"மாப்ள, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. கொஞ்சம் வாயேன்."

கூடத்தில் இருப்பது அக்காவின் மீன் தொட்டி; உள்ளே நிஜச் செடிகளும் வளரும். சின்ன மீன்களெல்லாம் நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. ஏஞ்சல் மீன் ஜோடி மட்டும் மேலே வரவில்லை. ஒரு அகன்ற இலையில் அவை இட்ட முட்டைகள் ஒட்டியிருந்தன. அதை விட்டு நகராமல் இரண்டும் செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பெண் மீன் ஒருக்களித்துச் சாயத் தொடங்கியிருந்தது.

அந்த ஜோடி இதற்கு முன் இட்ட முட்டைகளையெல்லாம் தானே தின்றுவிட்டது. இந்தத் தடவைதான் காவல் நின்றது. "தொட்டிப் பக்கம் யாரும் சத்தம் போடாதீங்க, பயந்தா தின்னுடும்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா காலையில் வேலைக்குப் போனாள்.

"கேஸ ஏத்துனீங்களா மாமா?"

"செடிக்குப் பத்தலன்னு காட்டுச்சுடா. நீலமாவே இருந்துச்சு. கொஞ்சம் திருப்புனேன். அப்பவும் நீலம். அப்புறம் இன்னும் கொஞ்சம்."

தொட்டிக்குள் ஒட்டியிருக்கும் சிறு கண்ணாடிக் குடுவையைச் சொன்னார். செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்து விடும் கரியமில வாயு தண்ணீரில் குறைந்தால் அதிலுள்ள திரவம் நீலமாக இருக்கும். அளவாக இருந்தால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன, குடுவை நீலமாகவே இருக்கிறது. வாயு போகும் குழாயில் குமிழிகள் எண்ண முடியாத வேகத்தில் ஓடின.

சிலிண்டரை மூடினேன். குமிழிகள் நின்றன. ஆனால் ஏற்கெனவே தண்ணீரில் கரைந்தது தானாக வெளியேறும்வரை பெண் மீன் தாங்காது. தண்ணீரைக் கலக்கியாக வேண்டும்.

"காத்து பம்ப் எங்க?"

"பரண்ல. அதப் போட்டா முட்டை போயிடும்டா. உங்கக்கா என்னைத் தொட்டியில போட்டு மூடிடுவா."

"போடலன்னா முட்டைக்கு அப்பன் ஆத்தா இருக்காது. மாப்பிள்ளை முறுக்கோட நிக்காம ஏணியப் பிடிங்க."

பம்ப் ஓடியது. வடிகட்டியின் வாயையும் மேல்நோக்கித் திருப்பினேன். தண்ணீர் உலை மாதிரி கொதித்தது. இலை ஆடியது. ஜோடி மிரண்டு ஒதுங்கியது.

மாமா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பெண் மீன் மெதுவாக நிமிர்ந்தது. நீந்தி இலைக்கு வந்தது. ஒரு முட்டையை வாயால் எடுத்தது.

"கெட்டுப்போன முட்டைய எடுக்குது போல" என்றார் மாமா.

இன்னொன்றை எடுத்தது. ஆண் மீனும் சேர்ந்துகொண்டது. கெட்ட முட்டை, நல்ல முட்டை என்றெல்லாம் பார்க்கவில்லை.

வாசலில் அக்காவின் வண்டிச் சத்தம் கேட்டது.

"கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லிடலாமா?" என்று மாமா கிசுகிசுத்தார்.

அக்கா தோள்பையை இறக்காமலே தொட்டி முன்னால் நின்றாள். வெறும் இலையைப் பார்த்தாள். பிறகு குடுவையைப் பார்த்தாள்.

"இதுல என்ன தண்ணி ஊத்துனீங்க?"

மாமா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "கழுவி வெச்சேன். அதுக்குன்னு நீ வாங்கி வெச்சிருந்த பாட்டில் தண்ணி தீந்துடுச்சு. குழாய்த் தண்ணி ஊத்துனேன். நிறம் காட்டுற சொட்டு மருந்தெல்லாம் சரியாத்தான் விட்டேன்."

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு படியும். அவ்வளவு உப்பு. அதைக் குடுவையில் ஊற்றினால், மீன் செத்து மிதந்தாலும் நிறம் லேசில் மாறாது.

"குடுவையவே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள் அக்கா. "மீனப் பாக்கல."

மாமா தலை குனிந்தார். "பம்ப நிறுத்தட்டுமா? இனி முட்டை இல்லியே" என்றார்.

"வேணாம். ஓடட்டும்."

குடுவையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளே இருந்ததைக் கொட்டும் சத்தம் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் குடுவையைப் போட்ட சத்தம் மட்டும் கேட்டது.

நான் போய்ப் படுத்தேன். சுவருக்கு அந்தப்புறம் பம்ப் இரைந்துகொண்டே இருந்தது. தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் நிறுத்தச் சொல்லவும் இல்லை.