கள்ளப் பிள்ளை

மன்னார் நீதவான் கோட்டில் துவிபாஷியாக இருந்த அமிர்தநாயகத்துக்கு ஒரு சொல்லைக் கண்டாலே ஆகாது. 'கள்ள' என்பது அந்தச் சொல். வெள்ளைக்கார நீதவானுக்குத் தமிழையும் தமிழ்ச் சனத்துக்கு இங்கிலீசையும் வாய் மாற்றிக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். கள்ளக் கையெழுத்து, கள்ளச் சாட்சி, கள்ளத் தராசு எல்லாவற்றுக்கும் 'ஃபோல்ஸ்' என்ற ஒரே இங்கிலீசுச் சொல்லை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஒப்பேற்றிவிட்டார்.

கோட்டுக்கு வெளியே சனம் சும்மா இருந்தால்தானே! வலைக்குப் போகப் பஞ்சிப்படுகிறவனுக்குக் கள்ளக் காய்ச்சல். மாமியாரின் காலடி கேட்டதும் கண்ணை மூடுகிறவளுக்குக் கள்ள நித்திரை. மனதுக்குப் பிடித்தவனைக் கண்டால் கள்ளச் சிரிப்பு. போதாக்குறைக்கு, மடியில் கிடக்கிற குழந்தையைக் கொஞ்சவும் அதே சொல்தான். "என்ர கள்ளக் குட்டி!" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். இதையெல்லாம் எந்தத் துரைக்கு எப்படி விளங்கவைப்பது? நல்லகாலம், கொஞ்சல் கோட்டுப் படி ஏறாது என்று அமிர்தநாயகம் நினைத்திருந்தார்.

ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதத்தில் அது படியேறி வந்தது.

வங்காலைக் கரையில் கருவாடு போட்டு விற்கிற மாக்கிறட் என்ற விதவைமேல் வழக்கு. வழக்குப் போட்டவன் முத்துக்கருப்பன் கங்காணி. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளைக் கூட்டிப் போகிறவன். ஆறு வருஷத்துக்கு முன் அப்படிப் போகும்போது வழியில் வாந்திபேதி கண்டு ஒருத்தி செத்துப்போனாள், அவளுடைய கைக்குழந்தையை இந்த மாக்கிறட் எடுத்து ஒளித்துவிட்டாள், தன் கூலியின் பிள்ளையை இப்போது தன்னிடம் தரவேண்டும் என்று அவன் கேட்டான்.

செத்தவளையும் பிள்ளையையும் பற்றைப் புதருக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவனும் இவன்தான். ஆறு வயதுக் கைக்குக் கொழுந்து கிள்ளத் தெரியும் என்றதும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அமிர்தநாயகத்துக்கு வயிறு எரிந்தது. ஆனால் துவிபாஷிக்கு நாக்கு மட்டும்தான் உண்டு, வயிறு கிடையாது. கங்காணி சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீசில் சொன்னார்.

மாக்கிறட்டின் பக்கத்தில் இருந்த ஒரே ஆதாரம் கோயில் பதிவு. பிள்ளையின் பெயர் பிலோமினா, தாய் மாக்கிறட் என்று ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்தது. அதை எழுதிய சுவாமியார் இப்போது உயிரோடு இல்லை.

"அது கள்ளப் பதிவு எசமான்," என்றான் கங்காணி. "இவ கள்ளத் தாய்."

'ஃபோல்ஸ்', 'ஃபோல்ஸ்' என்று இரண்டு தரம் சொன்னார் அமிர்தநாயகம்.

மாக்கிறட் கூண்டில் ஏறினாள். வேதப்புத்தகத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்தாள். பிலோமினா கூண்டுக்கு வெளியே நின்று தாயின் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கையில் சுற்றிச் சுற்றி, இனிச் சுற்றச் சேலை இல்லை என்கிற மட்டும் சுற்றியிருந்தாள்.

"இவள் நீ பெத்த பிள்ளையோ எண்டு துரை கேக்கிறார்," என்றார் அமிர்தநாயகம்.

ஓம் என்று ஒரு சொல். அது போதும். கோயில் பதிவு இருக்கிறது, மறுத்துச் சொல்ல வேறு சாட்சி இல்லை, பிள்ளை அவளோடு வீட்டுக்குப் போகும். மாக்கிறட் வேதப்புத்தகத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். கண்ணீர் தாடையால் வழிந்தது.

"ஐயா, இவள் என்ர கள்ளப் பிள்ளை," என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது. அவள் குரலில் கொஞ்சல் இல்லை. அது சுவாமியாரின் காதுக்குள் பாவம் சொல்கிற குரல். அமிர்தநாயகத்துக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்த நீதவான் புதிதாகத் தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். அரைகுறைத் தமிழைக் காட்டச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்தச் சொல் தெரிந்திருந்தது. அமிர்தநாயகம் வாய் திறக்குமுன்பே அவர் பேனாவை மையில் தோய்த்துவிட்டார்.

"கள்ள. ஃபோல்ஸ் என்று நீர்தானே சொன்னீர்? அப்படியானால் இவள் ஒத்துக்கொண்டுவிட்டாள்," என்றார் இங்கிலீசில்.

"இல்லைத் துரை," என்றார் அமிர்தநாயகம். சொல் தானாக வந்து விழுந்தது. "இங்கே தாய்மார் பிள்ளையைக் கொஞ்சுகிற சொல் அது. கள்ளக் குட்டி, கள்ளப் பிள்ளை என்பார்கள். செல்லம் என்று அர்த்தம்."

"கள்ள நித்திரை என்றால்?" துரை விடவில்லை.

"நித்திரை போல நடிப்பது."

"ஆகவே அது நித்திரை இல்லை. கள்ளப் பிள்ளையும் பிள்ளை இல்லை."

அமிர்தநாயகம் இன்னொன்றைத் தேடி எடுத்தார். "கள்ளச் சிரிப்பும் உண்டு துரை. அப்படிச் சிரிக்கிறவன் சிரிக்கத்தான் செய்கிறான், மற்றவர்களுக்குத் தெரியாமல் சிரிக்கிறான், அவ்வளவுதான்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "உம்முடைய சத்தியத்தின்மேல் கேட்கிறேன். இவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள்?"

இருபத்திரண்டு வருஷத்தில் அமிர்தநாயகம் அந்தக் கோட்டில் ஒரு சொல்லைத் திரித்ததில்லை. அதுதான் அவருடைய பெருமை, அதைவிட அவரிடம் வேறு சொத்தும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைக்கிறோம் என்று தெரிந்துகொண்டே சொன்னார்.

"செல்லம் என்ற அர்த்தத்தில், துரை."

வழக்குத் தள்ளுபடியானது. கங்காணி முணுமுணுத்துக்கொண்டு வெளியேறினான். கோடு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்தது.

அமிர்தநாயகம் வாசலுக்கு வந்தபோது மாக்கிறட் அங்கே நின்றாள். நன்றி சொல்ல நிற்கிறாள் என்று நினைத்தார். அவள் முகத்தில் பயம்தான் இருந்தது.

"ஐயா, துரையிட்டை என்ன சொன்னனீங்கள்? நான் தோத்துப்போனன் எண்டெல்லோ இருந்தனான்."

"நீ பிள்ளையைக் கொஞ்சினனீ எண்டு சொன்னன்."

"ஐயோ, நான் கொஞ்சேல்லை ஐயா. நான் பெறேல்லை எண்டுதான் சொன்னனான். வேதத்தை முத்திப்போட்டுப் பொய் சொல்ல நாக்கு எழும்பேல்லை." அவள் ஒரு கையால் கோட்டு வாசலைக் காட்டினாள். "நீங்கள் பிழையா விளங்கிப்போட்டியள். உள்ளை வாறன், துரையிட்டைத் திருத்திச் சொல்லுங்கோ. கடவுளுக்குப் பொய் சொல்லி வாங்கின பிள்ளை எனக்குத் தங்குமோ?"

சொல்லச் சொல்ல அவளுடைய மற்றக் கை பிள்ளையைத் தன் காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது.

தான் இவ்வளவு நாளும் உண்மை பேசியதெல்லாம் சம்பளத்துக்குப் பேசியதுதான் என்று அமிர்தநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்குக் கிடைத்த ஒரே கூலி இந்தப் பிள்ளை. உண்மைக்காக அதையே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறாள்.

"நான் பிழையா விளங்கேல்லை," என்றார்.

மாக்கிறட் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"உன்னட்டைக் கேட்டதுக்கு நீ உண்மைதான் சொன்னனீ. கடவுளுக்கும் அது கேட்டிருக்கும்," என்றார் அமிர்தநாயகம். "பொய் என்ரை. பிள்ளை உன்ரை. கூட்டிக்கொண்டு வீட்டை போ."