ஓ.டி. பாக்கி, தம் கையால்

சட்டம் வந்த மறுநாள் காலை, பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டார். இத்தனை வருஷமாகக் கொடுக்காமல் வைத்திருந்த ஓவர்டைம் பாக்கியைத் தொழிலாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். முதல் தவணை பட்டன் செக்‌ஷன் அருக்காணியின் செவுளில் விழுந்தது.

அருக்காணி ஒரு சுற்றுச் சுற்றித் துணிப் பொதியின்மேல் விழுந்தாள். எழுந்து, "வாங்கிட்டனுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். உடைந்த பல்லைத் துப்பிப் பட்டன் டப்பாவில் போட்டாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

வரிசையில் நின்றவர்களுக்குச் சந்தோஷம்தான். பாக்கி வரும் என்று யார் கண்டது? கேட்கும்போதெல்லாம் சென்னியப்பன், "இந்த லோடு போவட்டும், பாத்துக்கலாம்" என்பார். லாரி லாரியாக லோடு போனது. பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

சட்டம் சின்னது. கேட்டில் ஒட்டியிருந்தார்கள். மிகைநேரப் பாக்கியை முதலாளி தாமாக முன்வந்து, தம் கையால், இரட்டிப்பாகக் கொடுத்தல் வேண்டும். அப்படிக் கொடுத்தவர்மேல் நடவடிக்கை கிடையாது. கூடுதலாக வாங்கிவிட்ட தொழிலாளி, கூடுதலைத் தாமாக முன்வந்து திருப்பிக் கொடுத்தல் வேண்டும். முதலாளி என்பவர், தம் கையால் கொடுப்பவர் எவரோ அவர்.

எதைக் கொடுப்பது என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. ஊரில் அதைப் பற்றி யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. கொடுப்பது என்றால் நாலு கொடுப்பது. வாங்குவது என்றால் வாங்கிக் கட்டிக்கொள்வது. இதற்கெல்லாமா அகராதி பார்ப்பார்கள்?

கேட்டுக்கு மேலே சூப்பர்வைசர் குழந்தைவேலு வாயைத் திறந்தபடி இருந்தார். போன தீபாவளிக்குப் போனஸ் கேட்டவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவர், கத்தியபடியே ஷிப்ட் சங்காக மாறிவிட்டார். ஆணி அடித்து அங்கேயே மாட்டிவிட்டார்கள். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ஊதுவார். மத்தியானம் அவர் மனைவி ஏணி வைத்து ஏறி ரசம் சாதம் ஊட்டிவிட்டுப் போவாள்.

ஓவர்லாக் டைலர் மயிலாத்தாள் வரிசையில் கடைசிக்கு ஒருத்தர் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் ரங்கநாயகி. மயிலாத்தாள் தைக்கத் தைக்கத் துணியைப் பிடித்து மடித்துக் கொடுக்கிற கைமடி அவள். ஒரே மிஷின், ஒரே டிபன் டப்பா, ஒரே பேச்சு.

மயிலாத்தாளுக்குப் பயம் பிடித்திருந்தது. அடிக்கு அல்ல. ஓ.டி. என்று கூப்பிட்டால் ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லாதவள் அவள். பாக்கி எக்கச்சக்கம். முதுகில் வாங்கலாம், முகத்தில் வாங்கலாம். மூக்கு உடைந்தாலும் தைக்கலாம். கையில் வாங்கினால்? புருஷன் படுத்த படுக்கை. இவள் கை ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"கைன்னு வாயே தொறக்கப்படாது. கேட்டயா?" என்றாள் ரங்கநாயகியிடம்.

"தொறக்கமாட்டனுக்கா. நீயும் தொறக்காத."

ஒவ்வொருத்தரும் வாங்கிக்கொண்டு போகப் போக, ஹால் நீண்டுகொண்டே போனது. நடக்க நடக்க மேசை பின்னால் நகர்ந்தது. வழியில் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. அங்கே ஒரு பஸ் முதலாளி தம் கண்டக்டருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். விசில் தொண்டைக்குள் போய்விட்டது. கண்டக்டர் மூச்சு விடும்போதெல்லாம் பஸ் கிளம்பிக் கிளம்பி நின்றது.

மேசை மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தபோது அயர்ன் மாஸ்டர் மாரண்ணன் முறை. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். அவருக்குத்தான் கேள்வி கேட்கிற புத்தி. மேசைக்குப் பக்கத்தில் துணி பண்டல்மேல் உட்கார்ந்திருந்த லேபர் ஆபீசரம்மாவிடம் போனார்.

"ஏனுங்க, பாக்கின்னா பணமில்லீங்களா?"

"பணம்னு எங்கே போட்டிருக்கு?"

"சம்பளம்னா பணந்தானுங்களே."

"அடிப்படைச் சம்பளம்னு சொல்றோம். அதுல முதல்ல என்ன இருக்கு?"

மாரண்ணன் மனசுக்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். அடி இருந்தது. தலையாட்டிவிட்டு வந்து நின்றார்.

அவருடைய பாக்கியில் பாதி தீர்வதற்குள் கீழே விழுந்துவிட்டார். மீதியைச் சென்னியப்பன் விழுந்த இடத்திலேயே குனிந்து கொடுத்தார். விலா எலும்பு உள்ளே போனது. தரை சிவந்தது. கடைசி அடிக்கு வெகு முன்பே மாரண்ணன் செத்துப்போயிருந்தார். ஆனாலும் ஒரு அடிகூடச் சென்னியப்பன் அமுக்கிக்கொள்ளவில்லை. அவ்வளவு நாணயம். "முழுமையாகப் பெற்றுக்கொண்டார்" என்று ஆபீசரம்மா எழுதினார்.

மாரண்ணனை அயர்ன் மேசைமேல் கிடத்தினார்கள். சட்டை கசங்கியிருந்தது. யாரோ அப்படியே தேய்த்துவிட்டார்கள்.

மயிலாத்தாள் அயர்ன் மேசைப் பக்கம் திரும்பினாள். அந்த மனுஷன் மகள் கல்யாணத்துக்குக்கூட அரைநாள்தான் லீவு போட்டார். சென்னியப்பனைப் பார்த்தாள். அவருடைய வலது கை வீங்கி வாழை மரம்போல் இருந்தது. ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்திருந்தார். அடி வாங்கியவர்களே சுற்றி நின்று தைலம் தேய்த்தார்கள்.

"பாவம், மொதலாளிக்குக் கை நோவுமல்லொ" என்றாள் அருக்காணி. பல் போனதில் காற்றுத்தான் பாதி வந்தது.

மயிலாத்தாள் மேசைமுன் போய் நின்றாள். லோடு ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்தார்கள். இதுதான் பிடித்தம். பிடித்தம் இல்லாமல் எந்தக் கம்பெனியில் கொடுக்கிறார்கள்?

சென்னியப்பன் கையை ஸ்டூலிலிருந்து தூக்கினார். மயிலாத்தாள் முதுகைத் திருப்பப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது. ஒவ்வொரு சம்பள நாளிலும் இந்த மேசைமுன் நின்று கேட்கிற கேள்வி அது. நாக்குக்கு வேறு எதுவும் தெரியாது.

"புடித்தம் போவக் கையில எவ்வளவுங்க கெடைக்கும்?"

ரங்கநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையிலயா வேணும்?" என்றார் ஆபீசரம்மா.

"இல்லீங்க, அது வந்துங்க..."

ஆபீசரம்மா 'கையில்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"கையைத் தவிர்த்து எங்க வேண்ணாலும் குடுங்க சாமி. உங்க காலைப் புடிக்கறனுங்க."

"கேட்டது நீதான அம்மிணி" என்றார் சென்னியப்பன். குரலில் கோபமே இல்லை. "நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்."

இடது கையை மேசைமேல் விரித்து வைத்தார்கள். அந்தப் பெரிய கை இறங்கியது. சுண்டுவிரலிலிருந்து வரிசையாக ஒடிந்தன. முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். மயிலாத்தாள் கத்தினாள். அதற்குள் சங்கா, மணி இன்னும் ஆகவில்லையே என்று வெளியே யாரோ சொன்னார்கள். பிறகு மணிக்கட்டு. பிறகு, ஏற்கெனவே ஒடிந்த விரல்கள் மறுபடியும். எல்லாம் இரட்டிப்பு அல்லவா.

இடது கை, கை என்கிற கணக்கிலிருந்து போய்விட்டது. சென்னியப்பன் அவளுடைய வலது கையை இழுத்து வைத்தார். ஓங்கினார்.

"நிறுத்துங்க" என்றார் ஆபீசரம்மா. "பாக்கி முன்னாடியே தீர்ந்துபோச்சு. கடைசியாக் கொடுத்தது கூடுதல்."

சென்னியப்பன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "போச்சாது போங்க. போனசா வெச்சுக்கட்டும்."

"முடியாது. அந்தம்மா தாமாக முன்வந்து திருப்பிக் கொடுக்கணும்."

தோளைப் பிடித்திருந்த இரண்டு பேரும் மயிலாத்தாளை விட்டார்கள். போய்ச் சென்னியப்பனின் தோள்களைப் பிடித்துக்கொண்டார்கள். யாரை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. பிடிப்பது அவர்கள் வேலை.

மயிலாத்தாளிடம் மிச்சமிருந்தது வலது கைதான். அதைத் தூக்கியபோது வெளியே குழந்தைவேலு ஊதினார். மணி ஆறு.

"ஷிப்ட் முடிஞ்சுது. இனிமேல் கொடுக்கிறது ஓ.டி.யில் வரும்" என்றார் ஆபீசரம்மா. "ரெட்டிப்பு."

சென்னியப்பனுக்கு வேர்த்தது. "மயிலாத்தா, இந்த லோடு போவட்டும் கண்ணு. பாத்துக்கலாம்."

"போவட்டுமுங்க" என்றாள் மயிலாத்தாள்.

முதல் அடியில் அவர் தாடை கழன்றது. இரண்டாவதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. மாரண்ணனுடையதைக் கொடுத்தாள். அருக்காணியின் பல்லுக்குக் கொடுத்தாள். புருஷனுக்குக் கஞ்சி வைக்கப் போக முடியாமல் இங்கே தைத்துக்கொண்டிருந்த சாயங்காலங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வெட்டி அடுக்கியிருந்த வெள்ளைத் துணியெல்லாம் சாயம் ஏறியது. அவளுக்கு நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

லோடு போனது. அவரையும் அயர்ன் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய கையை மட்டும் தனியாக இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

ஆபீசரம்மா மேசைமேல் இருந்த கடிகாரத்தை எடுத்தார். மயிலாத்தாளின் நொறுங்கிய இடது மணிக்கட்டில் கட்டினார். பட்டை இறுகியபோது உயிர் போய் வந்தது.

"இது எதுக்குங்க?"

"தம் கையால் கொடுப்பவர் எவரோ அவர்" என்றார் ஆபீசரம்மா. "நல்லாக் கொடுத்தீங்க. அடுத்தது யாரு?"

அடுத்தது ரங்கநாயகி. அவள் ஒருத்திதான் பாக்கி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து மேசைமுன் நின்றாள்.

மயிலாத்தாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இவளையா? தினமும் டப்பாவைத் திறந்ததும் பாதி முட்டையைப் பிய்த்து இவளுக்குத்தானே வைத்தாள்? என்ன சொல்லி இவளை அனுப்புவது? அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இந்த லோடு போவட்டும் அம்மிணி. பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று அவள் காதில் விழுந்தது. ரங்கநாயகியின் முகம் சுருங்கிவிட்டது.

"நீயுமாக்கா?" என்றாள்.

"தாமாக முன்வரலைன்னு எழுதிக்கலாமா?" என்று ஆபீசரம்மா பேனாவைத் திறந்தார். "நடவடிக்கை உண்டு. உங்களுக்கு இன்னும் ஒரு கை இருக்கு."

மயிலாத்தாள் அந்த ஒரு கையைப் பார்த்தாள். அது கொஞ்சம் வீங்க ஆரம்பித்திருந்தது. சூடாக இருந்தது. ஸ்டூலை யாரோ காலால் தள்ளி அவள் பக்கத்தில் வைத்தார்கள். அருக்காணி தைலப் புட்டியைத் திறந்தாள்.

மயிலாத்தாள் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"முதுகைத் திருப்பு" என்றாள், உதடு அசையாமல், ரங்கநாயகிக்கு மட்டும் கேட்கும்படி. "மெதுவாத்தான் குடுப்பேன். ஒண்ணும் பேசாத. திரும்பி நில்லு."

லோடுக்காரர்கள் இரண்டு பேரும் வந்து ரங்கநாயகியின் தோள்களைப் பிடித்தார்கள். பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தவள்தான் அவள். ஆனாலும் அவளும் மாதாமாதம் இந்த மேசைமுன் நின்றவள்.

"புடித்தம் போவக் கையில எவ்வளவுக்கா வரும்?" என்று கேட்டாள்.