மல்லிகைப் படம் போட்ட போத்தல்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து செசிலிக்கு, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகள் நிலுக்ஷி அனுப்பிய சென்ட் போத்தலில் மல்லிகைப் படம் போட்டிருந்தது. அடித்தால் மீன் பொரிக்கிற வாசம் வந்தது. "கடைக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டான்," என்று புருஷன் பிலிப்பு சிரித்தார். அன்றைக்கே போனில் விசாரித்தபோது நிலுக்ஷி, "மீனுதாம்மா பொரிச்சுக்கிட்டு இருக்கேன், ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். மகள் நிற்கிற இடத்து வாசம் போத்தலில் வருகிறது, அவ்வளவுதான் என்று லயத்து வீடுகளில் எல்லாரும் விளங்கிக்கொண்டார்கள். செசிலி தினமும் காலையில் முந்தானையில் ஒரு தரம் அடித்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள். பக்கத்து நிரைக்காரிகள், "இன்னைக்கு என்னா சமையலு ஒங்க மக வீட்டுல?" என்று கேலி பேசுவார்கள். ஒரு மழைக்காலம் அப்படியே போயிற்று.

பிறகு ஒரு காலையில் துணி தீய்ந்த வாசம் வந்தது. துணியோடு தோலும் தீய்ந்திருக்கிறது என்று செசிலிக்குப் பட்டது. மறுநாள் காயத்துக்குப் போடுகிற மருந்து வாசம். செசிலி மகளுக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்கேம்மா. மேடம் நல்லவங்க."

"கையக் காட்டு புள்ள."

"கேமரா ஒடைஞ்சிருச்சும்மா."

அதோடு போன் நின்றது. போத்தலும் வெறும் தண்ணீர் போலாகிவிட்டது. எத்தனை அடித்தாலும் வாசமே இல்லை. மகளை அனுப்பிவைத்த பதுளை ஏஜென்சிக்காரர், பிள்ளைக்கு வேலை கூடவாயிருக்கும் என்றார். செசிலி கை சும்மா இராமல் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அடி மட்டத்துக்கு வந்துருச்சு. தீந்துட்டா என்னா செய்வ? வையி கீழ," என்றார் பிலிப்பு. அவள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவரே எடுத்து அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து அடித்தபோது லயத்தில் யாருக்கும் பிடிபடாத ஒரு வாசம் கிளம்பியது. போன வருஷம் அந்த நாட்டிலிருந்து திரும்பிய விஜயலெட்சுமியை அழைத்து வந்தார்கள். முந்தானையை மோந்தவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி அடிங்கக்கா."

மிச்சமிருந்த கடைசிச் சொட்டையும் செசிலி அடித்தாள்.

"பினாயிலு, பருப்பு, அம்புட்டுப் பேரு தலையெண்ணெ. வேல செஞ்ச வீட்ட விட்டு ஓடியாந்த பொம்பளைங்கள நம்ம எம்பசியில வச்சிருக்கிற எடம்க்கா இது. நானும் அங்கதான கெடந்தேன். ஒங்க மக தப்பிச்சிருச்சு."

நிலுக்ஷி தை மாதம் வந்து சேர்ந்தாள், முன்கையில் இஸ்திரிப்பெட்டியின் தடத்தோடு. இப்போது அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளிநாடு போகிற பெண்களிடம் வீட்டார் நகையோ டிவியோ கேட்பதில்லை. ஒரு சென்ட் போத்தல், கொஞ்சம் பெரிதாக. என்ன பூப் படம் போட்டிருந்தாலும் சரி.